எம்-புக்கைக் கேட்கும் வயது



உள்ளாட்சியும் இளைஞர்களும் என்று இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் தலைப்புக் கொடுத்தார்கள். திருப்பூரில் இந்தத் தலைப்பை எடுத்தால் கொடிகாத்த குமரனைச் சொல்லாமல் மேடையை விட்டு இறங்க முடியாது. 1932 ஜனவரியில் போலீஸ் தடியடிபட்டு உயிர் விட்டபோது அவருக்கு வயது 27. கையில் கொடி இருந்தது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்பே தேசபந்து இளைஞர் மன்றம் என்று ஒன்றை வைத்து, ஆள் சேர்த்து, கூட்டம் போட்டு நடத்திக்கொண்டிருந்தவர் அவர். மன்றத்துக்கு யாரும் சிலை வைப்பதில்லை. கூட்டம் போடுவது, சந்தா வாங்குவது, வராதவன் வீட்டுக்குப் போய்க் கூப்பிடுவது என்று சலிப்பூட்டும் வேலைகள்தான் அதில் அதிகம். அந்தச் சலிப்பூட்டும் வேலையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். கைதட்டுக்கு இடம் குறைவாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கணக்கு. நம் மாநிலத்தில் 2011 அக்டோபரில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2016இல் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19ஆம் தேதி. 2011 நவம்பரில் 18 வயது நிரம்பிய ஒரு தம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் தன் வார்டு கவுன்சிலருக்கு முதல் ஓட்டுப் போடும்போது அவனுக்கு வயது 28. அதற்குள் சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் பலமுறை விரலில் மை வைத்துக்கொண்டுவிட்டான். சாக்கடை, தெருவிளக்கு, குடிதண்ணீர் ஆகியவற்றுக்கு மட்டும் பத்தாண்டு ஓட்டு இல்லை. இடையில் ஐந்து வருடத்துக்கு மேல் தனி அலுவலர்களின் நிர்வாகம். வார்டில் கேள்வி கேட்கும் பழக்கம் இந்தத் தலைமுறைக்கு ஏன் வரவில்லை என்று பெரியவர்கள் வருத்தப்படுகிறார்கள். கேட்பதற்கு ஆள் இருந்தால்தானே பழக்கம் வரும்?

2022 தேர்தலுக்குப் பிறகு ஒரு நல்ல காரியம் நடந்தது. வார்டு குழு, பகுதிச் சபை என்ற ஏற்பாடுகளுக்கு அரசு விதிகள் வகுத்தது. அந்த ஆண்டு நவம்பர் 1ஆம் தேதியை உள்ளாட்சி தினமாகக் கொண்டாடி, நகரங்களில் பகுதிச் சபைகளைக் கூட்டினார்கள். தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் அன்றைய முதலமைச்சரே போய் உட்கார்ந்தார். கிராமத்துக்காரனுக்கு ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள் கிராமசபை உண்டு. நகரத்துக்காரனுக்கு அதுபோல உட்கார்ந்து பேச இடமே இல்லாமல் இருந்தது. இப்போது சட்டத்தில் இடம் இருக்கிறது. நாற்காலியில் ஆள் இருக்கிறதா என்பதை இங்கே உட்கார்ந்திருப்பவர்களே சொல்லலாம்.

ஆனால் நம் பனியன் கடைவீதியான காதர்பேட்டைக்கு வேறொரு சிக்கல் உண்டு. பகுதிச் சபையில் உறுப்பினர் யார்? அந்தப் பகுதியின் வாக்காளர்கள். காதர்பேட்டையில் காலையில் ஷட்டரைத் தூக்கி ராத்திரி இறக்குகிறவர்களில் எத்தனை பேருக்கு இங்கே ஓட்டு இருக்கிறது? கடைக்காரர் வீடு அவிநாசி சாலைப் பக்கம் எங்கோ இருக்கும். கடைப் பையன் தேனியிலோ ராமநாதபுரத்திலோ இருந்து வந்தவன். மூட்டை கட்டுகிறவருக்கு ஓட்டு பீகாரில். மழை பெய்து சாக்கடை நிரம்பினால் கால் நனைவது இவர்களுக்கு. கவுன்சிலரிடம் போனால், ‘நீங்க எந்த வார்டுங்க?’ என்று அவர் மரியாதையாகத்தான் கேட்பார். அதற்கு இவர்களிடம் பதில் இல்லை. பகலில் நிரம்பி வழிந்து இரவில் ஆள் குறையும் கடைவீதிகள் எல்லாவற்றுக்கும் உள்ள நோய் இது. ஆள் இருக்கிறது, ஓட்டு இல்லை.

இந்த இடத்தில்தான் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கைகொடுக்கிறது. 2005இல் வந்த அந்தச் சட்டம் நீ எந்த வார்டு என்று கேட்பதில்லை. இந்தியக் குடிமகனாக இருந்தால் போதும். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஒரு மனு. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு, அதற்கும் மேலே மாநிலத் தகவல் ஆணையம். தாமதத்துக்குத் தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. இதெல்லாம் பலருக்குத் தெரியும். தெரியாத பகுதி ஒன்று உண்டு. அந்தச் சட்டத்தின் 2(ஜே) பிரிவு காகிதத்தோடு நிற்பதில்லை. நடக்கிற வேலையை நேரில் பார்வையிடலாம், ஆவணத்தைப் புரட்டிப் பார்த்துக் குறிப்பெடுக்கலாம், பயன்படுத்திய பொருளில் சான்றளித்த மாதிரி கேட்டு வாங்கலாம் என்கிறது. கான்கிரீட்டில் சாம்பிள் கேட்கலாம், புரிகிறதா? துணியில் சாம்பிள் பார்க்காமல் ஒரு லாட்டும் எடுக்காத ஊர் இது. தெருவில் போடுகிற கான்கிரீட்டுக்குச் சாம்பிள் கேட்டவர் யாராவது உண்டா?

சரி, எந்த ஆவணத்தைக் கேட்பது? ‘எங்கள் வார்டில் நடந்த பணிகளின் விவரம் தருக’ என்று எழுதினால் ஒன்றரைப் பக்கப் பட்டியல் வரும். அதை வைத்து ஒன்றும் பண்ண முடியாது. கேட்க வேண்டியது மூன்று. மதிப்பீடு, ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்த வேலை உத்தரவு, அப்புறம் எம்-புக் எனும் அளவுப் புத்தகம். மாநகராட்சி வேலைகளின் உயிர் இந்த மூன்றாவதில் இருக்கிறது. வேலை எங்கே தொடங்கி எங்கே முடிந்தது, நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, ஆழம் எவ்வளவு என்று பொறியாளர் ஒருவர் தளத்தில் அளந்து எழுத வேண்டும். அவருக்கு மேலுள்ளவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த அளவைப் பெருக்கித்தான் பில், பில்லை வைத்துத்தான் பணம். அதில் சாக்கடைச் சுவரின் கனம் 20 சென்டிமீட்டர் என்று எழுதியிருந்து, தெருவில் நீங்கள் டேப்பை வைக்கும்போது 12 வந்தால், மேடைப் பேச்சு ஒன்றும் தேவையில்லை. எந்தக் கட்சிக்காரரும் அந்த எட்டு சென்டிமீட்டரோடு வாதாட முடியாது.

இதற்குப் பெரிய படிப்பு வேண்டுமா என்று சிலர் தயங்குகிறார்கள். நம் ஊர்ப் பனியன் கம்பெனிகளில் செக்கிங் டேபிளைப் பாருங்கள். டியூப் லைட்டின் கீழே பீஸை விரித்து, முதலில் முன்பக்கம், பிறகு பின்பக்கம், கழுத்து, தோள், கை, அடிமடிப்பு என்று ஒரு பெண்ணின் கண் ஓடுகிறது. துளை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எதுவானாலும் அதன் மேல் ஒரு சின்ன அம்பு ஸ்டிக்கர். பீஸ் ஆல்டருக்குப் போய்விடும். அந்தப் பெண் டெய்லரைத் திட்டுவதில்லை, கண்ணைக் கசக்குவதில்லை, சூப்பர்வைசரிடம் முறையிடுவதும் இல்லை. குறை எந்த இடத்தில் என்று காட்டிவிட்டு அடுத்த பீஸை எடுக்கிறாள். வார்டு வேலையைச் சரிபார்க்க இதைவிடப் பெரிய பயிற்சி எந்தக் கல்லூரியிலும் கிடையாது.

காகிதத்தை ஊர் நடுவில் வாசிப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை ராஜஸ்தானில் காட்டினார்கள். அருணா ராயும் நிகில் தேயும் சங்கர் சிங்கும் கிராமத்தாரோடு சேர்ந்து கட்டிய மஜ்தூர் கிசான் சக்தி சங்கடன் 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. அங்கே செய்ததெல்லாம் ஒன்றுதான். பஞ்சாயத்து வேலையின் வருகைப் பதிவேட்டையும் பில்லையும் கூட்டத்தில் உரக்க வாசித்தார்கள். வேலைக்கே போகாதவர் பெயரில் கூலி, கட்டி முடிக்காத கட்டடத்துக்குப் பணம் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பெயருக்குரியவர் கூட்டத்திலேயே உட்கார்ந்திருந்தார். இப்படிக் கணக்கைப் பார்க்கும் உரிமை கேட்டு 1996இல் பியாவரில் 40 நாள் தர்ணா இருந்தார்கள். 2005 சட்டத்தின் வேர்களில் ஒன்று அந்தக் கூலிக்காரர்கள் உட்கார்ந்த அந்தத் தெருவில் இருக்கிறது.

இனி நம் ஊர்க் கதை, கொஞ்சம் கசக்கும். நொய்யலில் சாயத் தண்ணீர் ஓடியது நம் கண் முன்னால். நம் கடைவீதியிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஆறு. ஆனால் வழக்குப் போட்டுக் கேட்டவர்கள் யார்? கீழே இருந்த நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள். ஒரத்துப்பாளையம் அணை சாயக் குட்டையாகிப் போனதைப் பார்த்துப் பொறுக்காமல் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரி 28ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள். எத்தனை குடும்பம் அலைந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்குள்ளே இருந்து பத்து வருடம் முன்பே யாராவது விடாமல் கேட்டிருந்தால், அந்தத் தீர்ப்பு அவ்வளவு கடுமையாக இறங்கியிருக்காது என்பது என் எண்ணம். வேறு கருத்துள்ளவர்கள் இந்த அவையிலேயே இருப்பார்கள்.

இப்போது குப்பை. மாநகராட்சிக் குப்பையைக் கல் எடுத்துக் கைவிட்ட பாறைக்குழிகளில் கொட்டுகிறார்கள். 2025இல் முதலிபாளையத்துக்காரர்கள் எதிர்த்துக் கிளம்பினார்கள். பிறகு இடுவாய்ப் பக்கம் சின்னக்காளிபாளையத்திலும் போராட்டம். அதைப் பத்திரிகையில் படித்துவிட்டு, ‘பாவம்’ என்று சொல்லி நாம் பக்கத்தைத் திருப்பினோம். காதர்பேட்டையில் பனியன் வேஸ்ட்டுக்கு விலை உண்டு, எடை போட்டு வாங்கிப் போக ஆள் வருகிறது. பாலிதீன் கவருக்கு விலை இல்லை. கிழிந்த கவர், டேப், அட்டைப்பெட்டித் துண்டு எல்லாம் ராத்திரி ஷட்டர் இறங்கும்போது தெருவுக்கு வருகிறது, விடிந்ததும் லாரியில் ஏறுகிறது. முடிவில் அது யாரோ ஒருவர் கிணற்றுக்குப் பக்கத்தில் இருக்கிற குழிக்குத்தான் போகும். திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி பிரித்துக் கொடுப்பது நம் பொறுப்பு. கணக்குக் கேட்கப் புறப்படும் தம்பிகள் மாநகராட்சி வாசலுக்குப் போகும் முன் தாங்கள் வேலை செய்கிற கடையின் பின்வாசலைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. முதலாளிக்குக் கோபம் வரும். வரட்டுமே.

2023 ஜூனில் இங்கே பனியன் பஜாரில் தீப்பிடித்து ஏறத்தாழ 50 கடைகள் எரிந்தன. உதவிக்கு ஓடிவந்தவர்களில் இளைஞர்கள்தான் முன்னால் நின்றிருப்பார்கள், அது இந்த ஊரின் குணம். நம் இளைஞர்களுக்கு ஓடிவரத் தெரியும். நிதானமாக உட்கார்ந்து, தீயணைப்பு வண்டி நுழைய எந்தச் சந்து எத்தனை அடி அகலம் இருக்கிறது, தண்ணீர் பிடிக்க எங்கே வசதி, தற்காலிகக் கொட்டகைகளுக்கு யார் அனுமதி தருகிறார்கள் என்று ஒரு பட்டியல் போடத்தான் பொறுமை வேண்டும்.

‘வனத்துக்குள் திருப்பூர்’ இயக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2015இல் தொடங்கிய அந்த வேலை லட்சக்கணக்கான மரங்களாக நிற்கிறது. தொழிலதிபர்களும் இளைஞர்களும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வெளியூர்க்காரர்கள் வந்து பார்த்துப் போகிற சாட்சி. அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் மரம் நட்டால் யாருக்கும் நஷ்டமில்லை, எல்லோரும் பொன்னாடை போர்த்துவார்கள். எம்-புக்கைக் கேட்டால் ஒருவருக்கு நஷ்டம் உண்டு. அவர் உங்கள் அப்பாவுக்குத் தெரிந்தவராகவும் இருப்பார். அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போன் வரும். இந்த நாட்டில் தகவல் கேட்டதற்காக அடிபட்டவர்கள் உண்டு, உயிரை விட்டவர்களும் உண்டு. ஆகையால் தனியாக மனுப் போடாதீர்கள். ஐந்தாறு பேர் சேர்ந்து, ஆளுக்கொரு வேலையைப் பற்றி, ஒரே நாளில் போடுங்கள். வந்த பதிலை அன்றே எல்லோருக்கும் காட்டிவிடுங்கள். ஒப்பந்தக்காரர் டீக்கடைக்குக் கூப்பிட்டால் தனியாகப் போகாதீர்கள். மனுவைப் போட்டுவிட்டு அதைக் காட்டிப் பணம் பறிக்கிற ஆட்களும் நாட்டில் முளைத்துவிட்டார்கள். ஒரு டீயில் தொடங்குகிற வழி அது.

பெண்களைப் பற்றிப் பேசாமல் முடிக்க முடியாது. தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் திருத்தினார்கள். 21 வயது நிரம்பினால் போட்டியிடலாம். 2022இல் சென்னைக்கு மேயரான பிரியாவுக்கு அப்போது வயது 28. நாற்காலி தருவதற்குச் சட்டம் இருக்கிறது. ஆனால் நம் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்களில் பலர் விடுதியில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சில மணி நேரம்தான் வெளியே விடுகிறார்கள். பகுதிச் சபையை வேலைநாளில் காலை பதினொரு மணிக்குக் கூட்டினால் அதற்கு யார் வருவார்? ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற பிள்ளை வராது. ஓய்வு பெற்றவரும் கட்சிக்காரரும் வருவார்கள், போட்டோ எடுப்பார்கள். சபையை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள் என்று கவுன்சிலர்களைக் கேட்கலாம். முடியாதென்றால், சபை கூடும் நாளில் அரை ஷிப்ட்டைச் சம்பளத்தோடு விடுவதாக முதலாளிகள் இந்த அவையிலேயே சொல்லலாம். முன்வரிசையில் இருப்பவர்களைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

கடைசியாக அறக்கட்டளைக் குடும்பத்தாரிடம் ஒரு விண்ணப்பம். இந்தப் பேச்சை அச்சடித்து எல்லோருக்கும் கொடுக்கப்போவதாகச் சொன்னார்கள், நன்றி. அடுத்த ஆண்டு பேச்சாளரைக் கூப்பிட வேண்டாம். தகவல் சட்டத்தில் நகல் ஒரு பக்கத்துக்கு இரண்டு ரூபாய். அறக்கட்டளைப் பணத்தின் அந்த ஆண்டு வட்டியில் காதர்பேட்டையில் நடந்த மாநகராட்சி வேலைகள் அத்தனைக்கும் எம்-புக் நகல் வாங்கி, புத்தகமாகப் போட்டு, கடைக்கு ஒன்று கொடுங்கள். கூடவே ஒரு டேப்.