மினிடிஸ்க்கில் மாட்டிக்கொண்ட குரல்

பழைய மினிடிஸ்க்ல வீட்டுப் பெரியவங்க குரல் இருக்கா? ப்ளேயர்ல போடறதுக்கு முன்னாடி டிஸ்க் ஓரத்துல இருக்கிற குட்டித் தகட்டை நகர்த்தி, ஓட்டையைத் திறந்து வைங்க. கை தவறி ரெக்கார்ட் பட்டனை அமுக்கினாலும் அழியாது.

யூஎஸ்பி இருக்கேன்னு சந்தோஷப்படாதீங்க. 2001-ல சோனி கொண்டுவந்த நெட்எம்டி, கம்ப்யூட்டர்ல இருக்கிற பாட்டை டிஸ்க்குக்கு அனுப்பத்தான். மைக்ல பதிஞ்சதைத் திருப்பி எடுக்க சோனி மென்பொருள் விடாது. அதுக்கு வழிவிட்டது 2006-ல வந்த எம்இசட்-ஆர்எச்1. இப்போ அதோட விலை? தலை சுத்தும்.

அதனால நான் சொல்றது ஹெட்ஃபோன் ஜாக்தான். அங்கிருந்து ஒரு 3.5 மி.மீ. கேபிள், ஆடியோ இன்டர்ஃபேஸோட லைன்-இன்னுக்கு. லேப்டாப் மைக் ஜாக்ல சொருகினா குரல் உடையும். பேஸ் பூஸ்ட்டையும் அணைச்சிடுங்க.

74 நிமிஷ டிஸ்க்குக்கு 74 நிமிஷம் ஆகும். மோனோல பதிஞ்சிருந்தா 148. சார்ஜர் மாட்டிட்டு உட்காருங்க.