உனக்கு என்ன சொல் வேணும்?

வீட்டில் ஆங்கிலம் புழங்காத குழந்தைக்கு ஆங்கிலம் படிக்க எதிலிருந்து தொடங்குவது? நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்த சில்வியா ஆஷ்டன்-வார்னர், பிள்ளையிடமே கேட்டார்: "உனக்கு என்ன சொல் வேணும்?"

ஒருவன் 'பேய்' என்பான். ஒருத்தி 'முத்தம்' என்பாள். அதையே ஆங்கிலத்தில், கெட்டி அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதிக் கையில் கொடுத்துவிடுவார். மறுநாள் காலை அட்டைகளையெல்லாம் தரையில் கொட்டுவார். அவரவர் அட்டையை அவரவர் தேடிப் பிடித்துப் படிக்க வேண்டும். அடையாளம் தெரியாத அட்டை? தூக்கிப் போட்டுவிடுவார். டீச்சர் கறார்தான்!

'வா', 'பார்' போன்ற சொற்களிலேயே மாதக்கணக்கில் தடுமாறிய பிள்ளைகளும் பேயை ஒரே பார்வையில் பிடித்துக்கொண்டார்களாம். 1963இல் வெளிவந்த 'டீச்சர்' என்ற நூலில் இதையெல்லாம் எழுதியிருக்கிறார்.