ஏதாவது ஒன்றை விட வேண்டாம்



ப்ளஸ் டூ முடிவு வந்த வாரம், ஒரு தாயார் மகளோடு நம் அலுவலகத்துக்கு வந்தார். காமர்ஸ் குரூப் படித்த பிள்ளை. பொருளாதாரமும் வேண்டுமாம், கம்ப்யூட்டரும் வேண்டுமாம். "ஏதாவது ஒன்றை விடச் சொல்லுங்கள் பாய்" என்றார் தாயார். நாங்கள் சொல்லவில்லை.

மழை பெய்தால் செயலியில் ஆட்டோ கட்டணம் ஏறுகிறதல்லவா? ஏன் ஏறுகிறது என்பது பொருளாதாரம். எவ்வளவு என்று நொடியில் கணக்கிடுவது கம்ப்யூட்டர். பிலானி பிட்ஸில் இரண்டையும் சேர்த்து ஐந்தாண்டு படிக்கலாம். ஆனால் ப்ளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்திருக்க வேண்டும். செலவும் நம் சக்திக்கு மேல்.

இன்னொரு வழி உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க 2022-இல் யு.ஜி.சி. அனுமதித்தது. பக்கத்துக் கல்லூரியில் பி.ஏ. பொருளாதாரம், கூடவே சென்னை ஐ.ஐ.டி.யின் ஆன்லைன் பி.எஸ். டேட்டா சயின்ஸ். எந்த குரூப் படித்தவரும் சேரலாம். பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் இருந்தால் போதும். ஜே.இ.இ. கிடையாது. நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வு எழுத வேண்டும். வருமானம் குறைந்த பிற்பட்ட வகுப்பினருக்கு 75 சதவீதம் வரை கட்டணச் சலுகை உண்டு. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் இப்போதே வாங்கி வையுங்கள். கடைசி வாரத்தில் ஓடி வருவதே நமக்கு வழக்கமாகிவிட்டது.

எளிதான படிப்பு என்று சொல்ல மாட்டோம். கணிதமும் புள்ளியியலும் விடாமல் துரத்தும். தேர்வுகளை மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும்.

அந்தப் பிள்ளை இப்போது தகுதித் தேர்வுக்குப் படிக்கிறாள். கணிதம் சொல்லித்தர ஓய்வுபெற்ற ஆசிரியர் யாரேனும் இங்கே இருந்தால் சொல்லுங்கள். மஃரிபுக்குப் பின் நம் மாடி அறை காலியாகத்தான் கிடக்கிறது.