எல்லைக்கு அப்பால் எழுந்த பள்ளி
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

கல்விக்காகப் பாடுபடும் இச்சங்கத்தின் விழாவில், ஆப்பிரிக்க மண்ணிலுள்ள ஒரு பன்னாட்டுப் பள்ளியைப் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறேன். அதன் வரலாறு நமக்கு அயலானதன்று.

1953ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்க வெள்ளையர் அரசு 'பாண்டு கல்விச் சட்டம்' என்ற ஒன்றை இயற்றியது. கறுப்பின மக்களுக்குத் தனிப் பள்ளி, தனிப் பாடத்திட்டம். வெள்ளையர் சமுதாயத்தில் உழைப்பாளி என்பதற்கு மேல் அவர்களுக்கு இடமில்லை என்பதே அதனை வகுத்த அமைச்சர் வெர்வோர்டின் கொள்கை. படிக்காதே என்று அந்த அரசு சொல்லவில்லை. இவ்வளவுதான் படிக்கலாம் என்று எல்லை வகுத்தது. பூட்டிய கதவை உடைக்கலாம். கதவு திறந்திருப்பதுபோல் காட்டி, அறிவின் உயரத்தை அளந்து வைக்கும் சூழ்ச்சி அதனினும் கொடிது.

ஜோகன்னஸ்பர்க்கில் ஆசிரியப் பணியாற்றிய மைக்கேல் ஸ்டெர்ன் என்ற ஆங்கிலேயர், எல்லா இனத்துப் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் அமர்த்த அந்நாட்டில் வழியில்லை எனக் கண்டார். எல்லையைக் கடந்து சுவாசிலாந்து சென்றார். 1963இல், ம்பபானே நகருக்கு மேலுள்ள மலைச்சரிவில், 16 மாணவர்களுடன் வாட்டர்ஃபோர்டு பள்ளி தோன்றியது. பின்னர் மன்னர் இரண்டாம் சொபூசா அதற்குக் 'கம்லாபா' என்ற பெயரை வழங்கினார். மண்ணைச் சேர்ந்தது என்பது அதன் பொருள். மண்ணுக்கு ஏது நிறம்?

நெல்சன் மண்டேலா சிறையில் வாடிய காலத்தில் அவருடைய புதல்வியர் கற்றது இப்பள்ளியிலேதான். தந்தையைச் சிறையிட்ட அரசால் மக்களின் அறிவைச் சிறையிட முடியவில்லை!

சுவாசிலாந்து 2018 முதல் எஸ்வாட்டினி என வழங்கப்படுகிறது. அங்கே இன்றும் விடுதி மாணவரும், வீட்டிலிருந்து நாள்தோறும் வந்து செல்வோரும் ஒன்றாகக் கற்கின்றனர். இறுதி ஈராண்டில் பன்னாட்டுப் பட்டயப் படிப்பு. அதில் ஆறு பாடங்களோடு, தாமே ஆராய்ந்து 4,000 சொற்களுக்குள் ஒரு கட்டுரை எழுத வேண்டும். சமுதாயப் பணியும் ஆற்ற வேண்டும். மனப்பாடம் மட்டும் அங்கே போதாது. வினவும் துணிவு வேண்டும்.

நண்பர்களே! அண்ணல் அம்பேத்கர் பள்ளிக்குக் கோணிச் சாக்கைச் சுமந்து சென்று, வகுப்பில் அதன்மேல் தனியே அமர்ந்து கற்றார். ஆகவே, ஒரே பலகையில் அமர்வதன் பெருமையை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஆயினும் ஓர் உண்மையை மறைக்கலாகாது. இத்தகைய பள்ளிகளின் கட்டணம் மிகுதி. நிறத்தின் பெயரால் மூடப்படாத கதவு பணத்தின் பெயரால் மூடப்படலாம். அதனைத் திறந்து வைப்பது உதவித்தொகை ஒன்றே. அது பிச்சையன்று, சமுதாயம் தன் பிள்ளைகளுக்குச் செலுத்தும் கடன்.

எனவே, இச்சங்கத்தின் உதவியால் படித்து இன்று ஊதியம் பெறும் இளைஞர்களை வேண்டுகிறேன்: உங்களுக்கு ஏணியாக நின்றவர்களை மறவாதீர்கள். ஒருவர் ஒரு பிள்ளையின் படிப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். 16 பிள்ளைகளோடு ஒரு மலைச்சரிவில் தொடங்கிய பணி உலகறிய வளர்ந்ததென்றால், நம்மால் இயலாதது யாது?