முத்தின் நீரோட்டமும் குவாண்டக் குறுக்கீடும்



கொற்கை முத்தின் ஒளியைத் தமிழ் இலக்கியம் போற்றிற்று. அவ்வொளி பிறக்கும் முறையை இயற்பியல் விளக்குகின்றது. இவ்விரண்டையும் இணைத்து நோக்குதல் தூத்துக்குடிக் கடற்கரைக்கு உரிய பணியாகும்.

முத்தின் வண்ணச் சாயலுக்குச் சாயப்பொருள் மட்டுமே காரணமன்று. சிப்பி சுரந்த சுண்ணாம்புப் படலங்கள் அதனுள் அடுக்கடுக்காய் அமைந்துள்ளன. ஒரு படலத்தின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கேயாம். மேலடுக்கிலும் கீழடுக்கிலும் பட்டு மீளும் ஒளியலைகள் வெவ்வேறு தொலைவு கடந்து வந்து கூடுகின்றன. முகடும் முகடும் கூடின் அந்நிறம் மிகும். முகடும் அகடும் கூடின் மறையும். சர் சி.வி. இராமன் 1930களில் சிப்பிகளின் வண்ணங்களையும், 1950களில் முத்தின் அமைப்பையும் ஆராய்ந்தார்.

குறைகடத்தி அடுக்குகளில் இதனினும் வியத்தகு நிகழ்ச்சி உண்டு. அங்குப் படலங்கள் முத்துப் படலத்தின் நூறில் ஒரு பங்கு அளவுக்கு மெல்லியனவாகவும் அமைவதுண்டு. ஒளியை ஏற்கும் எலெக்ட்ரான் ஒரே இறுதி நிலையை இரு வழிகளால் அடையக்கூடும். எவ்வழிச் சென்றது என்று அறிய இயலாதவிடத்து, இருவழிகளின் நிகழ்தகவு வீச்சுகளும் தம்முள் கூடும். அவை சமமாயும் எதிராயும் நிற்பின் ஒளி உட்கவரப்படாது கடந்து செல்லும். ஒரு கதவு மட்டும் திறந்திருப்பின் நுழையவல்ல எலெக்ட்ரான், இரு கதவும் திறந்தமையால் நுழையாது நிற்கின்றது! முத்தில் கூடுவன ஒளியலைகள். இங்குக் கூடுவன வாய்ப்புகள்.

இதன் கோட்பாட்டை அணுக்களுக்கு 1961இல் விரிவாக வகுத்தவர் உகோ ஃபானோ. குறைகடத்திக் குவாண்டக் கிணறுகளில் இக்குறுக்கீட்டின் தன்மையை விரும்பியவாறு மாற்றலாம் என்று 1997இல் ஃபாய்ஸ்ட், கபாசோ முதலியோர் காட்டினர்.

அதே 1961இல்தான் தூத்துக்குடியின் கடைசி முத்துச் சலாபமும் நடந்தது. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1973இல் இங்கு வளர்ப்பு முத்தை உருவாக்கிற்று. ஆயினும் பார்களில் குளிப்பு மீளவில்லை. முத்தைக் கையிலேந்தி ஒளியைத் தரம் பிரித்த கண்களும் அருகின. எஞ்சியிருப்பது அவர்தம் சொல். மணியின் ஒளியை அவர்கள் ‘நீரோட்டம்’ என்றனர்.

இன்று பாடநூல்கள் ‘குறுக்கீடு’ என்கின்றன. ஈழத்தார் ‘தலையீடு’ என்பர். இரண்டும் இடையூற்றையே நினைவூட்டுவன. அழித்தலோடு ஆக்கலும் இந்நிகழ்ச்சியின் இயல்பன்றோ? இருபாலும் சுட்டும் சொல்லைத் தேட இயற்பியலாரும் தமிழாசிரியரும் ஒருங்கே அமர வேண்டும். ஒளிக்குப் பெயரிட்ட இக்கடற்கரை, அவ்வொளியின் அறிவியலுக்கும் பெயரிடுவதாகுக.