வாங்குகிறவர் கொண்டுவரும் படம்



தாமிரபரணிக் கரையில் இருக்கிற ஏரல் கடைத்தெருவில் கருப்பட்டி வாங்க வந்தவரிடம், "போன தடவை சரக்கு எப்படி இருந்தது?" என்று கடைக்காரர் கேட்டால், "நல்லாத்தான் இருந்தது அண்ணாச்சி" என்பார். அடுத்த மாதம் வேறு கடைக்குப் போய்விடுவார். அவர் பொய்யர் இல்லை. முகத்துக்கு நேரே குறை சொல்ல நமக்குக் கூச்சம். அதோடு, தன் மனசு ஏன் மாறியது என்பது அவருக்கே பிடிபடாமலும் இருக்கலாம். கூச்சம் ஒன்று, பிடிபடாமை ஒன்று. இந்த இரண்டையும் தாண்டி வாங்குகிறவரின் எண்ணத்தை அறிய, கேள்வித்தாளை ஓரமாக வைத்துவிட்டுப் படங்களையும் உருவகங்களையும் துணைக்கு அழைக்கும் ஒரு முறை வணிக ஆய்வில் இருக்கிறது. அதை இன்று எடைபோட்டுப் பார்ப்போம்.

இந்த வழியில் முன்னே நடந்தவர்களில் ஒருவர் மேசன் ஹேர் என்ற அமெரிக்க உளவியலாளர். அவருடைய ஆய்வு 1950இல் வெளிவந்தது. உடனடிக் காபித்தூள் ஏன் பிடிக்கவில்லை என்று இல்லத்தரசிகளிடம் நேராகக் கேட்டால், ருசி சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த காலம். ஹேர் இரண்டு பலசரக்குச் சீட்டுகளை எழுதினார். இறைச்சி, ரொட்டி, காரட், உருளைக்கிழங்கு என்று எல்லாம் இரண்டிலும் ஒன்றே. காபி மட்டும் வேறு. ஒன்றில் நெஸ்கஃபே உடனடிக் காபி, மற்றதில் வடித்துப் போடுகிற மேக்ஸ்வெல் ஹவுஸ் காபித்தூள். ஒவ்வொரு சீட்டையும் 50 பேரிடம் காட்டி, இதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிற பெண் எப்படிப்பட்டவள் என்று கேட்டார். நெஸ்கஃபே சீட்டைப் பார்த்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர், அவள் சோம்பேறி என்றார்கள். ருசி என்று வெளியே சொன்னதற்குப் பின்னால், நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்ற கவலை உட்கார்ந்திருந்தது. விருந்தாளிக்கு என்ன காப்பி கொடுப்பது என்று ஒரு கணம் யோசிக்கிற நம் வீடுகளுக்கு இது புதிதில்லை.

ஹேர் காட்டிய சீட்டு ஆய்வாளரே எழுதியது, வாங்குகிறவர் கொண்டுவந்தது இல்லை. அடுத்த பெரிய அடியை வைத்தவர், பின்னாளில் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பேராசிரியராக இருந்த ஜெரால்டு சால்ட்மன். 1990இல் நேபாளம் போயிருந்தபோது அங்கே கிராமத்தாரிடம் கேமராக்களைக் கொடுத்து, உங்கள் வாழ்க்கையைப் படம் எடுங்கள் என்றார். வந்த படங்களில் ஆட்களின் பாதங்கள் வெட்டுப்பட்டிருந்தன. எடுக்கத் தெரியாத கை என்றுதான் யாருக்கும் தோன்றும். விசாரித்தபோது, வேண்டுமென்றே அப்படி எடுத்ததாகத் தெரிந்தது. செருப்பில்லாத கால் வறுமையைக் காட்டிக்கொடுத்துவிடும். படத்தில் இல்லாமல் போனதும் பேசும் என்பதைச் சால்ட்மன் அங்கே கண்டுகொண்டார். பிறகு அவர் உருவாக்கிய முறைக்கு 1995இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. ஸீமெட் என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

முறை இதுதான். இருபது பேர் அளவில் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு பொருளைப் பற்றியோ ஓர் அனுபவத்தைப் பற்றியோ தங்கள் மனசில் இருப்பதைக் காட்டுகிற படங்களைச் சேர்த்துக்கொண்டு வரச் சொல்கிறார்கள். ஒரு வாரம், பத்து நாள் அவகாசம் உண்டு. பொருளின் படத்தையே கொண்டுவரக் கூடாது. பிறகு ஒவ்வொருவரிடமும் தனித்தனியே இரண்டு மணி நேரம் போலப் பேச்சு நடக்கும். இந்தப் படத்தை ஏன் எடுத்தீர்கள்? தேடியும் கிடைக்காத படம் எது? இந்த மூன்றில் எந்த இரண்டு ஒரு ஜாதி, மூன்றாவது எதனால் வேறு? படத்தின் விளிம்பை இன்னும் விரித்தால் அங்கே என்ன வரும்? இதற்கு மணம் உண்டென்றால் என்ன மணம்? கடைசியில் எல்லாப் படங்களையும் ஒன்றாக ஒட்டி, வந்தவரே ஒரு பெரிய படம் செய்வார்.

டூபான்ட் நிறுவனத்துக்காகப் பெண்களின் நைலான் காலுறை பற்றி இப்படி ஓர் ஆய்வு நடந்தது. பெண்களுக்கு அது பிடிக்கவே பிடிக்காது, வேறு வழியில்லாமல் அணிகிறார்கள் என்பதே அதுவரை இருந்த முடிவு. இறுக்கமாகப் பிளாஸ்டிக் சுற்றிய வேலிக் கம்பங்களையும், இரும்புப் பட்டை நெரிக்கிற மரத்தையும் சிலர் கொண்டுவந்தார்கள். ஆனால் ஜாடியில் அமைதியாக நிற்கிற பூக்களும் வந்தன. அணியச் சிரமம், அணிந்தபின் ஒரு மிடுக்கு. வெறுப்பும் விருப்பமும் ஒரே மனசில் ஒரே நேரத்தில் இருந்தன. 'பிடிக்கும், பிடிக்காது' என்று இரண்டு கட்டம் போட்ட படிவத்தில் இது எந்தக் கட்டத்திலும் அடங்காது. இந்த முறையின் பெரிய பலம் இங்கேதான்.

படத்தால் விற்பதில் நம் சீமைக்குப் பழக்கம் அதிகம். 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் அதைத் தொடங்கினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும் என்று அச்சுத்தொழிலும் வளர்ந்தது. கோவில்பட்டியில் குடியேறிய ஓவியர் கொண்டையராஜு வரைந்த தெய்வங்கள் காலண்டர்களாக வீட்டுச் சுவர்களில் ஏறின. எழுத்துக் கூட்டத் தெரியாதவரும் அணில் மார்க், சேவல் மார்க் என்று கேட்டு வாங்கினார். எந்தப் படம் ஓடியது என்பதை விற்பனைக் கணக்கு சொல்லிவிடும். ஏன் ஓடியது என்பதை அது சொல்லாது. அங்கே படத்தைத் தேர்ந்தவர் விற்கிறவர். சால்ட்மன் அந்த வேலையை வாங்குகிறவர் கையில் கொடுத்தார்.

நம் அகப்பாட்டுத் தலைவியும் தோழியும் நாரையையும் மீனையும் சொல்லி உள்ளத்தைத் தெரிவித்தவர்கள்தான். தொல்காப்பியம் அதை உள்ளுறை என்று இலக்கணப்படுத்தியது. ஆனால் அவர்கள் எதை மறைக்கிறோம் என்று அறிந்தே மறைத்தார்கள். ஸீமெட்டோ, பேசுகிறவரே அறியாத ஒன்றை வெளியே எடுப்பதாகச் சொல்கிறது. அந்த இடத்தில் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

நம் சிந்தனையில் 95 சதவீதம் நாம் உணராமலே நடக்கிறது என்று சால்ட்மன் எழுதுகிறார். மனசை அப்படிச் சதவீதம் போட்டு அளக்கிற தராசு எது? இதை அழுத்திச் சொல்வதற்கான ஒரு பேச்சாக எடுத்துக்கொள்ளலாம், கணக்காக வேண்டாம். 2008இல் மகன் லின்சேயோடு சேர்ந்து எழுதிய நூலில், சமநிலை, மாற்றம், பயணம், கொள்கலம், பிணைப்பு, வளம், கட்டுப்பாடு என்று ஏழு ஆழ்ந்த உருவகங்களை முன்வைத்து, உலகத்து மனங்களில் இவையே அடிக்கடி வருவதாகச் சொன்னார். ஏழு பெட்டி கையில் இருந்தால் வருகிற படத்தையெல்லாம் அதற்குள் போடத்தான் கை போகும். ஏரல்காரர் ஒருவர் தாமிரபரணியின் படத்தைக் கொண்டுவருகிறார் என்று வையுங்கள். 'வளம்' என்று ஆய்வாளர் குறித்துக்கொள்வார். வாழையும் வெற்றிலையும் நெல்லும் விளைகிற பூமி, சரிதான். ஆனால் 2023 டிசம்பரில் அதே ஆறு ஊருக்குள் புகுந்ததைப் பார்த்தவருக்கு அந்தப் படத்தில் பயமும் இருக்கும். கூடவே, ஆடி அமாவாசைக்குச் சேர்மன் சுவாமி கோயிலுக்கு வந்து ஆற்றில் முழுகிய நினைவும் இருக்கும். மூன்றையும் ஊரை அறியாதவர் வாசித்துவிட முடியாது.

இன்னொரு சங்கடம் நியாயத்தைப் பற்றியது. பாதத்தை மறைத்துப் படம் எடுத்தவரின் கூச்சம் தெரிந்தால் அவருக்கு நல்ல செருப்பு செய்து கொடுக்கலாம். அந்தக் கூச்சத்தையே குத்திக் குத்தி விளம்பரமும் செய்யலாம். முறை இரண்டுக்கும் ஒத்துழைக்கும். இருபது பேரின் படத்தை வைத்து எத்தனை பேர் வாங்குவார்கள் என்றும் கணிக்க முடியாது. அதற்குத் தலை எண்ணுகிற பழைய ஆய்வுதான் வேண்டும்.

இருந்தாலும் சிறு வியாபாரிக்கு இதில் எடுத்துக்கொள்ள நிறைய உண்டு. ஆத்தூர் வெற்றிலைக்கும் உடன்குடி கருப்பட்டிக்கும் 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பொருள் எந்த மண்ணில் விளைந்தது என்பதற்கு அது சான்று. வாங்குகிறவர் மனசில் அது எங்கே இருக்கிறது என்பது வேறு கேள்வி. வெற்றிலை என்றதும் ஒரு பெரியவர் சாப்பாட்டுக்குப் பிந்திய திண்ணையைக் காட்டலாம். அவர் பேத்தி கல்யாண மண்டபத்தைக் காட்டலாம். இரண்டு பேருக்கும் ஒரே விளம்பரம் போதாது. வழக்கமாக வருகிற ஏழெட்டுப் பேரிடம், செல்பேசியில் இருக்கிற படங்களில் பொருத்தமானதைக் காட்டச் சொல்லி, குறுக்கே பேசாமல் கேட்டாலே பாதி தெரிந்துவிடும்.

என் மதிப்பீடு இதுதான். வாங்குகிறவரே படத்தைத் தேர்கிறவரைக்கும் இது நேர்மையான கலை. விளக்கம் எழுதும்போதுதான் அது மறுபடியும் விற்கிறவர் கைக்குப் போகிறது. எழுதிய முடிவைப் படம் கொண்டுவந்தவரிடமே காட்டி, "நீங்க சொன்னது இதுதானா?" என்று கேட்கிற ஆய்வாளருக்குக் கூலி கொடுக்கலாம். கேட்காதவர் நமக்கு விற்பது அவருடைய கற்பனையை.