மறுசீரமைப்பா, உருத்திரிபா? இதய மேலறை நடுக்கமும் நம் சொற்களும்



மொழியியல் படித்தவன் இதய நோயைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். என்னை இங்கே கொண்டுவந்தது ஒரு சொல். சில ஆண்டுகளுக்கு முன், இதே பாலிக் புலாவில் வாழும் என் தமக்கையாருக்கு நெஞ்சு படபடப்பு வந்து வந்து போயிற்று. மருத்துவ அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. இடது மேலறையில் 'ரீமாடலிங்' தொடங்கியிருப்பதாக அதில் ஒரு வரி. அதற்கு என்ன பொருள் என்று அவர் கேட்டார். கலைச்சொல் அகராதியை நம்பி, 'மறுசீரமைப்பு' என்றேன். அவர் முகம் மலர்ந்தது. இதயம் தன்னைத் தானே சீர்செய்துகொள்கிறது என்று எண்ணி, அடுத்த பரிசோதனைக்குப் போவதை ஆறு மாதம் தள்ளிப் போட்டார். திரும்பிச் சென்றபோது, வந்து போன படபடப்பு நிலையாகத் தங்கிவிட்டிருந்தது. அந்த ஆறு மாதமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். நோய் எப்படியும் அவ்வழியே போயிருக்கலாம். ஆனால் மொழிபெயர்த்தவன் நான்.

இதயத்திற்கு நான்கு அறைகள். மேலிரண்டும் குருதியை வாங்கிக் கீழறைகளுக்குத் தருவன. நம் மாணவர்கள் இடைநிலைப் பள்ளியில் இவற்றை 'ஏட்ரியம்', 'வெண்ட்ரிக்கிள்' என்று மலாய்ப் பாடநூல் வழியே அறிகிறார்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் நெடுங்காலம் 'ஆரிக்கிள்' என்றே இருந்தது. இலங்கைத் தமிழர் 'சோணையறை' என்கின்றனர். காதின் தொங்கும் மடலைச் சோணை என்பது யாழ்ப்பாண வழக்கு. 'ஆரிக்கிள்' என்பதற்கும் இலத்தீனில் சிறு காது என்பதே பொருள். 'ஏட்ரியம்' என்பதோ உரோமானியர் வீட்டின் முன்கூடம். இந்தோனேசியர் அதைச் 'செராம்பி' என்கின்றனர். இவ்வூர்க் கம்பத்து மலாய் வீடுகளில் விருந்தினரை அமர்த்தும் முன்தாழ்வாரமும் செராம்பிதான். நம் திண்ணைக்கு ஒப்பானது.

மருத்துவத்தைத் தமிழில் சொல்ல முடியும் என்று காட்டியவர்களில் முதன்மையானவர் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன். 1847-இல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழ் மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். 1872-இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் உடற்கூற்று நூல் அவர் முயற்சியால் வெளிவந்தது. முதலில் வழக்கிலுள்ள தமிழ்ச் சொல்லைத் தேடுவது, இல்லையெனில் வடமொழியை நாடுவது, அதுவும் இல்லையெனில் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதுவது என்பது அவர் முறை. இன்றும் அதைவிட நல்ல முறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அவர் அஞ்சாத ஒன்றுக்கு மட்டும் நாம் அஞ்ச வேண்டியிருக்கிறது: சொல் தமிழாக இருந்தும் பொருள் தலைகீழாகிப் போவது.

இனி நோய்க்கு வருவோம். இயல்பான இதயத்தில் வலது மேலறையிலுள்ள ஒரு முடிச்சு, ஓய்வில் நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை மின்துடிப்பை எழுப்பும். மேலறை நடுக்கத்தில் அந்த ஒழுங்கு குலைந்து, நிமிடத்திற்கு 350 முதல் 600 வரையிலான சிதறிய அலைகள் மேலறைத் தசையில் ஓடும். தசை சுருங்காது, அதிரும். கீழறைக்கு வந்து சேரும் துடிப்புகளில் ஒழுங்கு இராது. மேலறையில் குருதி தேங்கும். வால்வு நோய் இல்லாதவரிடம், இடது மேலறையில் உறையும் கட்டிகளில் பத்தில் ஒன்பது அங்குள்ள செவிமடல் போன்ற சிறு பையிலேயே உண்டாகின்றன. யாழ்ப்பாணத்தார் வைத்த சோணை என்ற பெயர் இங்கே எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள். அக்கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம். இந்நோயுடையோருக்குப் பக்கவாத வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு என்பது அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஆய்வு 1991-இல் கண்டது.

1995-இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் அலெஸ்ஸி என்பவரின் குழு ஆடுகளை வைத்து ஒரு சோதனை செய்தது. நலமான ஆடுகளின் மேலறையில் கருவியொன்றால் நடுக்கத்தை மீண்டும் மீண்டும் உண்டாக்கினர். முதலில் சில நொடிகளில் தானே அடங்கிய நடுக்கம், நாள் செல்லச் செல்ல நீண்டு, பெரும்பாலான ஆடுகளில் அடங்காத நிலையை எட்டியது. நடுக்கமே நடுக்கத்தை ஈன்றது. இயல்புத் துடிப்பை மீட்டதும், ஏறக்குறைய ஒரு வாரத்தில் மின்மாற்றங்கள் பழைய நிலைக்குத் திரும்பின. இதுவரை நற்செய்தி.

திரும்பாதது மற்றொன்று. உயர் குருதியழுத்தம், உடற்பருமன், தூக்கத்தில் மூச்சுத் தடைபடுதல், மது, வால்வு நோய் ஆகியவை ஆண்டுக்கணக்கில் மேலறையை அழுத்தும்போது சுவர் விரிகிறது, தசைநார்களுக்கு இடையே வடு போன்ற நார்த்திசு படர்கிறது, கொழுப்பும் ஊடுருவுகிறது. மின்னலை இத்தழும்புகளைச் சுற்றி வளைந்து, கிளைத்து, மீண்டும் தன்னிடமே வந்து சேர்கிறது. இதைத்தான் அறிக்கையில் 'ரீமாடலிங்' என்று எழுதியிருந்தார்கள். தமிழில் மறுசீரமைப்பு என்றால் பழுதானதைத் திருத்துவது. இங்கே நடப்பது பழுது.

சிகிச்சையின் போக்கை இப்பழுது வெகுவாகத் தீர்மானிக்கிறது. நடுக்கத்தைத் தூண்டும் பொறிகள் பெரும்பாலும் நுரையீரல் சிரைகளின் வாயில் பிறக்கின்றன என்று 1998-இல் பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள் காட்டினர். அன்று முதல், கதீட்டரைச் செலுத்தி அவ்வாயில்களைச் சுற்றிச் சுட்டோ உறையவைத்தோ மின்தடை உண்டாக்கும் அப்லேஷன் சிகிச்சை பரவியது. வாயிலில் மட்டும் கோளாறு இருந்தால் வாயிலை அடைத்தால் போதும். வீடு முழுதும் சுவர் வெடித்திருந்தால்? 2014-இல் வெளியான டிகாஃப் ஆய்வு, சிகிச்சைக்கு முன் எம்.ஆர்.ஐ. படத்தால் நார்த்திசுவை அளந்தது. நார்த்திசு மிகக் குறைந்தோரில் ஓராண்டுக்குச் சற்றுக் குறைவான காலத்தில் ஏறக்குறைய 15 விழுக்காட்டினருக்கும், மிகுந்தோரில் 51 விழுக்காட்டினருக்கும் நடுக்கம் திரும்பியது. அப்படியானால் நார்த்திசுவையும் சேர்த்துச் சுட்டுவிடலாமே என்று எண்ணத் தோன்றும். எண்ணினார்கள், செய்தும் பார்த்தார்கள். 2022-இல் வந்த இரண்டாம் டிகாஃப் ஆய்வின்படி, நிலைத்த நடுக்கம் உடையோருக்கு அதனால் கூடுதல் பயன் கிட்டவில்லை. மருத்துவர்கள் இதை மறைக்காமல் வெளியிட்டது எனக்குப் பிடித்திருந்தது. நம் துறையில் தோற்ற கருதுகோளை அச்சிடுவோர் குறைவு.

ஆகவே காலம் பெரிது. நோய் கண்டு ஓராண்டுக்குள் துடிப்பொழுங்கை மீட்க முயன்றோருக்கு இதயநோய் இறப்பு, பக்கவாதம் முதலியவை குறைந்தன என்று, 2,789 நோயாளிகளைக் கொண்ட ஈஸ்ட் ஆய்வு 2020-இல் அறிவித்தது. பழுதின் ஒரு பகுதி மீளவும் கூடும். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 2015-இல் வெளிவந்த ஆய்வில், உடல் எடையில் பத்து விழுக்காடோ அதற்கு மேலோ குறைத்து நிலைநிறுத்தியவர்கள் நடுக்கமின்றி வாழும் வாய்ப்பு ஆறு மடங்காயிற்று. அவர்களது மேலறையின் அளவும் சுருங்கியது.

மேலறை மிகவும் விரிந்து, நடுக்கம் பல்லாண்டு நிலைத்தவர்களிடம் ஒழுங்கை மீட்கும் முயற்சியை விட்டுவிட்டு, துடிப்பின் வேகத்தைக் கட்டுப்படுத்தி, குருதி உறையாமல் தடுக்கும் மருந்து தருவதும் முறையான சிகிச்சையே. அதைக் கைவிடல் என்று நினைக்க வேண்டா. உறைவுத் தடுப்பு மருந்து வேண்டுமா என்பதை வயது, குருதியழுத்தம், நீரிழிவு, முன்பு வந்த பக்கவாதம் போன்றவை தீர்மானிக்கின்றன. அப்லேஷன் வெற்றி பெற்றாலும், இக்காரணங்கள் உள்ளவர் மருத்துவர் சொல்லாமல் அம்மருந்தை நிறுத்தலாகாது. ருமாட்டிக் காய்ச்சலால் ஈரிதழ் வால்வு சுருங்கியோருக்குப் பழைய வார்ஃபரினே சிறந்தது என்று 2022-இல் உறுதியானது.

சொல்லுக்குத் திரும்புகிறேன். இலக்கணம் விகாரத்தைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக்கும். மேலறையில் நார்த்திசு தோன்றுகிறது, மின்னோட்டம் திரிகிறது, தசையணுக்கள் கெடுகின்றன. எனவே 'உருத்திரிபு' என்றும், ஆட்டில் மீண்டதை 'மின்திரிபு' என்றும் வழங்கலாமே என்பது என் கருத்து. உவமையை இதற்குமேல் இழுத்தால் மருத்துவரும் சிரிப்பார், இலக்கண ஆசிரியரும் சிரிப்பார்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. வீட்டிலுள்ள தாத்தா, பாட்டியின் மணிக்கட்டில் பெருவிரல் பக்கமாக இரு விரல்களை வைத்து ஒரு முழு நிமிடம் நாடியை எண்ணிப் பாருங்கள். தாளம் தப்பித் தப்பி விழுந்தால், பெரியவர்களிடம் சொல்லிக் கிளினிக்கில் ஈ.சி.ஜி. எடுக்கச் செய்யுங்கள். அது நோயென்று நீங்களே முடிவு கட்டிவிட வேண்டா, ஈ.சி.ஜி. சொல்லட்டும்.

சென்ற வாரம் என் புதுச் சொல்லைத் தமக்கையாரிடம் சொல்லிக் காட்டினேன். மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்துவிட்டு, "உருத்திரிபா? கெட்டுப் போச்சுன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, தம்பி" என்றார்.